பத்து வருடம் காத்திருந்தால் அது காதலா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன் தினமும் காலையில் சிங்கப்பூரின் செங்காங்கில் ரயில் ஏறுகிறான். அதே பெட்டியில் ஒரு பெண் வருகிறாள். லிட்டில் இந்தியாவில் அவள் இறங்கிவிடுகிறாள். இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சில மாதம் கழித்து அவள் வருவது நின்றுவிடுகிறது. அவன் பத்து வருடம் அவளை நினைத்துக்கொண்டே இருக்கிறான், வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் தேக்கா சந்தையில் கைக்குழந்தையோடு அவளைப் பார்க்கிறான், கண் கலங்கத் திரும்பி நடக்கிறான். இதை உண்மைக் காதலின் கதை என்று நினைத்து எழுதினீர்கள். படித்த நண்பர்கள், "இது காதலே இல்லை, வெறும் ஈர்ப்பு" என்று சொல்லிவிட்டார்கள். பத்து வருடம் காத்திருப்பதே காதல் இல்லையென்றால் வேறு எதுதான் காதல், சிறுகதையில் இந்த இரண்டையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று கேட்கிறீர்கள். கதையையும் அனுப்பியிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன்.

உங்கள் நண்பர்கள் சொன்னது சரிதான். ஆனால் 'வெறும்' என்று சொன்னார்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இருபது வருடத்துக்கு மேலாக இங்கே நூலகங்களிலும் சமூக மன்றங்களிலும் நடக்கும் கதை வாசிப்புக் கூட்டங்களில் உட்கார்ந்து வருகிறேன். காதல் கதை வராத மாதமே கிடையாது. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று அளவுகோல்களைக் கையில் வைத்திருப்பார்கள். எவ்வளவு நாள் காத்திருந்தார்கள், எவ்வளவு துன்பப்பட்டார்கள், கல்யாணத்தில் முடிந்ததா. வாழ்க்கையில் இவற்றுக்கு மதிப்பு உண்டு. கதையில் மூன்றுமே கைவிட்டுவிடும். உங்கள் பையனையே பாருங்கள். முதல் பக்கத்தில் அவளைப் பற்றி அவனுக்குத் தெரிந்தவை பச்சைத் துப்பட்டா, கம்பியில் இடது தோள் சாய்த்து நிற்பது, காதில் இயர்போன். கடைசிப் பக்கத்திலும் தெரிந்தது அவ்வளவுதான். பத்து வருடம் ஓடிவிட்டது, அவளைப் பற்றி அவனுக்குப் புதிதாக ஒரு செய்தி கிடைக்கவில்லை. கிடைக்கவில்லையே என்று அவன் ஏங்கவும் இல்லை.

இதற்கு வீட்டில் பெரியவர்கள் 'வயசுக் கோளாறு' என்பார்கள். பத்திரிகைகளில் 'இனக்கவர்ச்சி' என்று எழுதுவார்கள். எனக்குப் பிடித்தது 'மையல்' என்கிற பழைய சொல். மயங்கி நிற்பது அதில் இருக்கிறது, இழிவு இல்லை. தொல்காப்பியர் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றார். தொல்காப்பியத்தில் காதலைப் பற்றிப் பேசும் அகத்திணையியலில் அதற்கு அவர் சொல்லும் இலக்கணத்தில் ஓர் அடி வரும்: "சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்." தான் சொன்னதற்கு எதிர்ச்சொல் கிடைக்காதவன், தானே சொல்லிச் சொல்லி இன்பம் காண்பது. சிறுகதை எழுதுகிற எல்லோரும் இந்த அடியை மேசைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்ளலாம். அவள் பதில் சொல்லவில்லை என்பதல்ல இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது. பதில் இல்லாமலே அவனுக்கு இன்பம் நிறைந்துவிடுகிறது, அதுதான். உங்கள் கதையில் அவள் வாய் திறந்து ஏதாவது பேசியிருந்தால் அவனுக்கு அது இடைஞ்சலாகக்கூட இருந்திருக்கும்.

உங்கள் கதையில் நான் ஒரு வேலை செய்து பார்த்தேன். தமிழில் வினைச்சொல்லே யார் செய்தார் என்று சொல்லிவிடுமல்லவா? 'ஆள்' என்று முடியும் வினைகளை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டேன். நின்றாள், திரும்பினாள், கூந்தலை ஒதுக்கினாள், சிரித்தாள், இறங்கினாள், மறைந்தாள். எல்லாமே அவன் கண்ணுக்கு முன்னால் நடப்பவை, அவன் பார்ப்பதற்கென்றே நடப்பவை போல இருக்கின்றன. அவள் யாரிடமும் கடன் வாங்கவில்லை. வேலையிடத்தில் சண்டை போடவில்லை. தம்பி தேசிய சேவைக்குப் போன அன்று அழவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை, எதையும் மறக்கவில்லை. பிறகு 'ஆன்' என்று முடியும் வினைகளை எண்ணினேன். தவித்தான், உருகினான், துடித்தான், நினைத்தான், நினைத்தான், நினைத்தான். இந்தக் கதையில் இருப்பது ஒரே ஒரு ஆள். அவள் அவனுடைய தவிப்புக்கு ஒரு சாக்கு.

காதல் கதை என்றால் இரண்டு பேர் இருக்கவேண்டும். காதலிக்கப்படுகிறவருக்குக் காதலிக்கிறவரோடு சம்பந்தமே இல்லாத ஓர் ஆசையோ கவலையோ பயமோ இருக்கவேண்டும், அது கதைக்குள் தெரியவேண்டும், அதைக் கண்டு காதலிக்கிறவர் கொஞ்சமாவது தடுமாறவேண்டும். உணர்ச்சி எவ்வளவு கொதிக்கிறது என்பதை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. சொல்லப்போனால் மையலில்தான் கொதிப்பு அதிகம்.

உங்கள் ரயிலிலேயே இதைச் செய்து பார்ப்போம். ஒரு நாள் காலை, போத்தோங் பாசிர் தாண்டும்போது அவள் கைப்பேசி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் எடுத்து, தாழ்ந்த குரலில், "ஆபீஸ்ல இருக்கேம்மா. மீட்டிங். அப்புறம் கூப்புடுறேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். இருப்பது ரயிலில். அம்மாவிடம் பொய் சொல்கிறாள். உங்கள் பையன் கேட்டுவிட்டான்.

இங்கிருந்து கதை இரண்டாகப் பிரியும். ஒரு வழியில் அவனுக்கு மனசு உடைகிறது. 'இவளா பொய் சொல்கிறாள்?' தன்னையே ஏமாற்றிவிட்டதுபோல வலிக்கிறது. மறுநாள் வேறு பெட்டியில் ஏறுகிறான். இன்னொரு வழியில் அவனுக்கு ஒரு கேள்வி வருகிறது. காலை எட்டு மணிக்கே பெற்ற தாயின் குரலைத் தவிர்க்கும்படி அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? அன்று அவன் அவள் கூந்தலைப் பார்க்கவில்லை, கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு அவள் விரல்கள் ஜிப்பை மூடித் திறந்து மூடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறான். நடந்த சம்பவம் ஒன்றுதான். இரண்டிலும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. முதலாவதில் அவன் தன் படம் கிழிந்ததற்காக வருந்துகிறான். இரண்டாவதில் படத்துக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. காதல் இன்னும் வரவில்லை, ஆனால் இனிமேல் வரலாம்.

வள்ளுவர் காமத்துப்பாலை இப்படித்தான் அடுக்கியிருக்கிறார் என்பது என் வாசிப்பு. முதல் அதிகாரம் தகையணங்குறுத்தல். அதன் முதல் குறளிலேயே அவன் திகைத்து நிற்கிறான். தெய்வப்பெண்ணா, மயிலா, மனிதப் பெண்தானா என்று தெரியாமல் "மாலும் என் நெஞ்சு" என்கிறான். மால் என்றால் மயக்கம். சுத்தமான மையல். அடுத்த அதிகாரமே குறிப்பறிதல். அவள் கண்ணில் இரண்டு பார்வை இருக்கிறது, ஒன்று நோய் தருகிறது, ஒன்று மருந்தாகிறது என்று அவள் பக்கம் என்ன நடக்கிறதென்று படிக்கத் தொடங்கிவிடுகிறான். மயங்குவதில் தொடங்கி, குறிப்பை அறிவதற்கு நகர்கிறார். மொத்தம் 25 அதிகாரங்களில் மணத்துக்கு முந்திய களவுக்கு 7, மணத்துக்குப் பிந்திய கற்புக்கு 18 என்ற கணக்கையும் பாருங்கள். பார்த்து மயங்கிச் சேர்வதற்கு ஏழே அதிகாரம் போதும் என்று நினைத்தவர், அதற்குப் பிறகு நடப்பதற்குப் பதினெட்டு ஒதுக்கியிருக்கிறார். அதிலும் கடைசி மூன்று, புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. மூன்றுமே சண்டை! ஊடல் ஒரு நல்ல சோதனை. மையலில் ஊடல் வராது. அங்கே கோபித்துக்கொள்ள எதிரே ஆள் இல்லை. நம்முடைய காதல் கதைகளில் ஜோடிகள் சின்ன விஷயத்துக்குச் சண்டை போடுவதே இல்லை என்பதை நான் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். பிரிந்தால் சாதியாலோ மதத்தாலோ மரணத்தாலோ பிரிகிறார்கள். துணி காயப்போடும் கம்பை யார் உள்ளே எடுப்பது என்று ஒரு நாள்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை.

சரி, சிறுகதைக்கு உள்ள உண்மையான கஷ்டத்துக்கு வருகிறேன். மையல் ஒரு கணத்தில் நடப்பது. சிறுகதையும் ஒரு கணத்தைப் பிடிப்பது. அதனால் இரண்டும் எளிதில் பொருந்திவிடுகின்றன. காதலுக்கு நாள் ஆகும். ஆயிரத்து ஐந்நூறு சொல்லில் அந்த நாட்களை எங்கே வைப்பது? 'வருடங்கள் உருண்டோடின' என்று எழுதினால் வாசகர் நம்பமாட்டார்.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது, ஆறே அடிகளில் இதைச் செய்கிறது. புதுக்குடித்தனம் நடத்தும் மகளைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, அதாவது வளர்த்த தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள். முற்றிய தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டாள், தாளித்த புகை கண்ணில் ஏறியது, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை அவன் 'இனிது' என்று சாப்பிட்டான், அவள் முகம் நுண்ணிதாக மகிழ்ந்தது. 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று' என்கிறார். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத அளவு. அன்பு என்ற சொல் பாட்டில் எங்கேயும் இல்லை. துடைத்த துணியின் அழுக்கு இருக்கிறது, புகை இருக்கிறது. செவிலியின் கண்ணில் பட்டதை மட்டும் சொன்னதால் நமக்கு அந்த வீடே தெரிகிறது.

எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் ஒரு அம்மா சில வருடங்களுக்கு முன் ஒரு கதை படித்தார். அச்சில் வரவில்லை. அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. கணவர் பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். இரவு ஷிஃப்ட் வரும் வாரங்களில் காலையில் வந்து படுத்தால் மத்தியானம் வரை தூங்குவார். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய மூவறை அடுக்குமாடி வீடு, சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நாலு எட்டுதான். மனைவி பிற்பகலில் பிள்ளைகளுக்குத் துணைப்பாடம் எடுப்பவர். கதை ஒரு சண்டையில் தொடங்குகிறது. ஊரில் இருக்கும் தன் தம்பிக்குக் கணவர் மனைவியைக் கேட்காமல் பெரிய தொகை அனுப்பிவிட்டார். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது. ஒன்று. இரண்டு. மூன்று. விழித்துக்கொண்டு கோபமாக எழப்போனவர், அப்படியே படுத்துவிடுகிறார். பதினொரு வருடத்தில் இரவு ஷிஃப்ட் வாரத்தில் அந்த வீட்டில் குக்கர் விசில் அடித்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. பருப்பைத் திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வேகவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு அப்படிச் சமைத்தால்தான் பிடிக்கும் போல என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். நாலாவது விசில். எழுந்து போகிறார். அடுப்பை அணைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. தட்டில் இருந்த பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பிக்கிறார். கதை அங்கே முடிந்துவிட்டது.

படித்து முடித்ததும் கூட்டத்தில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அந்த விசில் எப்படி வேலை செய்கிறது பாருங்கள். கோபத்தில் அடித்த விசில்தான் பதினொரு வருட அன்பைக் காட்டிக்கொடுக்கிறது. 'வருடங்கள் ஓடின' என்ற வாக்கியம் தேவைப்படவே இல்லை, ஒரு பழக்கம் முறிந்த இடத்தில் அத்தனை வருடமும் வெளியே வந்து நிற்கின்றன. அவளுக்கும் ஒரு மனம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, பழிவாங்கும் ஆசைகூட இருக்கிறது. அவரோ, தன் மனைவியைப் பற்றித் தனக்கு ஒன்று தெரியாமலே போயிருக்கிறது என்று அறிகிறார். நீண்ட காதலில்கூட எதிரே இருப்பவர் முழுக்கத் தெரிந்துவிடுவதில்லை. தெரியாத மிச்சம் இருக்கிறது என்று ஒருவர் உணரும் கணம் சிறுகதைக்கு மிகவும் ஏற்றது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. இந்தக் கதையைக் கேட்ட பிறகு எங்கள் கூட்டத்துக்கு வந்த பல கதைகளில் மனைவிமார்கள் வரிசையாகத் தியாகம் செய்யத் தொடங்கினார்கள். பட்டினி கிடந்தார்கள், நோயை மறைத்தார்கள், நகையை விற்றார்கள். தியாகத்தை வைத்தும் காதலை நிரூபிக்க முடியாது. அந்த அம்மாவின் கதையில் என்னைத் தொட்டது அவள் குக்கரைத் தவிர்த்தது மட்டுமில்லை, ஒரு நாள் வேண்டுமென்றே வைத்ததும்தான். வாய் திறக்காமல் எல்லாவற்றையும் தாங்கும் பெண்ணும், உங்கள் ரயிலில் வரும் பெண்ணைப் போலவே, வேறொருவர் வரைந்த படம்தான்.

கல்யாணம் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தில் முடிவதால் மையல் காதலாகிவிடாது. நம் ஊரில் இதைக் காட்ட ஓர் அருமையான களம் இருக்கிறது, யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை. 'கல்யாணம் பண்ணிக்கலாமா' என்பதற்குப் பதிலாக 'பிடிஓ போடலாமா', அதாவது வீவக புதிதாகக் கட்டும் வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்பது இங்கே சாதாரணம். மணமாவதற்கு முன்பே ஜோடியாக விண்ணப்பித்து, வரிசை எண் வந்து, வீட்டைத் தேர்ந்தெடுத்து, அது கட்டி முடிய மூன்று நான்கு வருடம் காத்திருப்பார்கள். நடுவில் பிரிந்தால் கட்டிய பணத்தில் ஒரு பகுதி போய்விடும். கதைக்குத் தேவையான நாட்களை வீவகவே கொடுத்துவிடுகிறது. தேர்ந்தெடுக்கப் போகும் அன்று அவன் இருபதாம் மாடி வேண்டும் என்கிறான், காற்றும் வெளிச்சமும் வரும் என்கிறான். அவள் சரி என்று தலையாட்டுகிறாள். அவளுக்கு உயரம் என்றால் பயம் என்பது இத்தனை மாதத்தில் அவனுக்குத் தெரியாது. அவளும் சொன்னதில்லை, ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு மேசை, ஒரு அதிகாரி, கணினித் திரையில் காலியான மாடிகளின் எண்கள். இதற்குமேல் ஒரு சிறுகதைக்கு என்ன வேண்டும்?

இப்போது 'வெறும்' என்ற சொல்லுக்கு வருகிறேன். தொல்காப்பியர் காதல் வகைகளான ஏழு திணைகளை எண்ணும்போது கைக்கிளையை முதலில் வைத்துத்தான் எண்ணத் தொடங்குகிறார். இருவரும் ஒத்து அன்பு கொள்ளும் ஐந்திணைக்குள் அதைச் சேர்க்கவில்லை, தூக்கி எறியவும் இல்லை. மனிதருக்கு நேர்வது, ஆகவே பாடத் தக்கது. மையலைப் பற்றி நல்ல கதை எழுதலாம். அதை மையல் என்று தெரிந்துகொண்டு எழுதவேண்டும், அவ்வளவுதான். அந்தப் பையனைக் கேலி செய்யவும் கூடாது, 'பிறகுதான் அவனுக்கு உண்மைக் காதல் புரிந்தது' என்று பாடம் நடத்தவும் கூடாது. பத்து வருடம் ஒருவன் ஒரு பச்சைத் துப்பட்டாவோடு வாழ்ந்திருக்கிறான் என்றால் அந்தத் தனிமை பெரியது. கோப்பிக்கடையில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் ஒருவனுக்கு அந்த நினைப்பு என்ன கொடுத்தது என்று நீங்கள் அக்கறையோடு பார்த்தால், அதுவே கதை. உங்கள் கதையின் குறை, அவனுடைய மையலை நீங்களும் சேர்ந்து நம்பிவிட்டதுதான். அவன் அவளைப் பார்த்ததுபோலவே நீங்களும் அவளைப் பார்த்துவிட்டீர்கள். அவனுக்குத் தெரியாதது எழுத்தாளருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அந்தத் தேக்கா காட்சியை வைத்துக்கொள்ளுங்கள், கண் கலங்குவதை எடுத்துவிடுங்கள். கூட்டத்தில் குழந்தையின் செருப்பு ஒன்று கழன்று விழுகிறது. அவன் குனிந்து எடுத்துக் கொடுக்கிறான். அவள் பார்க்கிறாள். அவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, தெரிய என்ன இருக்கிறது? "தேங்ஸ் அண்ணே" என்கிறாள். பத்து வருடத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் எதிர்ச்சொல் அது. அவள் குரல் அவன் நினைத்ததுபோல இல்லை, கொஞ்சம் கரகரப்பு, சளி பிடித்திருக்கிறது. மீன் கடையில் அவள் பேரம் பேசத் தொடங்குகிறாள். அவன் அங்கேயே நிற்கட்டும், போகட்டும், அதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

இதைக் கைக்கிளைக் கதையாக எழுதுவதென்றால் இந்த மாற்றம் போதும். காதல் கதையாகவே எழுதவேண்டும் என்றால் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போகவேண்டும். அவள் லிட்டில் இந்தியாவில் இறங்குகிறாள் என்று எட்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இறங்கி எங்கே போகிறாள்? பூக்கடைக்கா, நகைக்கடைக்கா, கணக்காளர் அலுவலகத்துக்கா? அவள் எங்கே வேலை செய்கிறாள், அந்த வேலை அவளுக்குப் பிடித்திருக்கிறதா? அதை எழுதிவிட்டு அனுப்புங்கள், படிக்கிறேன்.